உனக்குத் தர என்னிடம் குளிசை இல்லை

அன்பு மகனுக்கு,

நீ சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீ சுகமாக இல்லை என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பிறகு எதற்கு அந்த நாடகம்? ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதை நான் அனுப்பப் போவதில்லை. "அப்பா, எனக்கும் அது இருக்கும் போல தெரியுது. ஒங்க சீனி வியாதி மருந்துக் குளிசையில கொஞ்சம் பஸ்காரர்கிட்ட குடுத்து விடுங்க. கல்யாணம் வரைக்கும் ஓட்டிக்கிறேன். இப்ப போயி சோதிச்சா பேரப் பதிஞ்சி கிளினிக் கொப்பி போட்டுருவாங்க, ஊருக்கே தெரிஞ்சிரும்" என்றாய். நான் பேசாமல் இருந்ததும் லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிட்டாய். லைன் போகவில்லை மகன். எனக்கு வாய்தான் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை இரண்டு வருடமாக உன்னிடம் மறைத்து வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ பாதியில் கத்துவாய், நானும் கத்துவேன், நம் இரண்டு பேருக்கும் அதுதான் பழக்கம். கடிதத்தில் கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் தர்ஷினி வீட்டு விஷயம். பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய அப்பா எவ்வளவு தயங்கித் தயங்கிக் கேட்டார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி, குடும்பத்துல சீனி, பிரஷர் ஏதும் இருக்குங்களா?" நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "சேச்சே, அப்படி ஒண்ணும் இல்லைங்க. அவன் அம்மாவுக்கு அட்டை கடிச்ச காயம் விஷமாகிப்போச்சி, அதுலதான் போயிட்டா" என்றேன். அப்போது என் சட்டைப்பையிலேயே மத்தியானம் குடிக்க வேண்டிய குளிசை இருந்தது. நீ பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பாவும் மகனும் சேர்ந்து அந்த வீட்டுப் பலகாரத்தைத் தின்றுகொண்டே அவர்களை ஏமாற்றினோம். அவர் உக்குவளையில் தையல் கடை வைத்திருக்கிற மனுஷன், அவரைப் பேச்சால் ஏமாற்றலாம், அளவு நாடாவை ஏமாற்ற முடியுமா? உன் கல்யாணச் சட்டைக்கும் காற்சட்டைக்கும் இரண்டாம் முறை அளவெடுத்தபோது, "என்னா மாப்பிள்ள, ரெண்டு மாசத்துல இடுப்பு ரெண்டு அங்குலம் எறங்கிப் போச்சே, கல்யாணக் கவலையா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நீ அவர் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து அடி தெரியக் குடித்தாய். அந்தத் தாகமும் மெலிவும் எதன் அடையாளம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் சிரிப்பை நிறுத்தவில்லை.

இனி அம்மாவைப் பற்றி. அவள் மாத்தளை ஆஸ்பத்திரியில் கிளினிக் கொப்பி போட்டது நீ தம்புள்ளைக்கு லொறி ஓட்டப் போன வருடம். கொழுந்து எடுக்கிற மலையில் தலை சுற்றி விழுந்தாள், தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்து மாத்தளைக்கு அனுப்பினார்கள், சீனி என்று சொல்லி விட்டார்கள். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளினிக். எல்கடுவையில் இருந்து முதல் பஸ் பிடித்தாலும் வரிசையில் நின்று, இரத்தம் கொடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி வர மத்தியானம் தாண்டிவிடும். அன்றைக்குப் பேர் விழாது, ஒரு நாள் சம்பளம் இல்லை. கங்காணியும் முகத்தைச் சுளிப்பார். முதல் நாள் கையில் ஒரு பேப்பர் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு தட்டின் படம், பாதித் தட்டு மரக்கறி, ஒரு மூலையில் ஆப்பிள். அதன் கீழே தினம் அரை மணித்தியாலம் நடக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நடக்க வேண்டுமாம்! விடிந்ததில் இருந்து முதுகில் கூடையோடு மலை ஏறி இறங்குகிற பொம்பளைக்கு! அவள் அந்தப் பேப்பரைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு அதையே மடித்து சீனி டப்பாவுக்கு அடியில் விரித்தாள்.

நாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயும் அதைத்தான் தின்று வளர்ந்தாய். காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும். மலைக்கு எடுத்துப் போவதும் அதே ரொட்டி. இரவில் சோறு, பருப்பு, ஒரு துண்டுக் கருவாடு. ரொட்டி கையில் பிடிக்க லேசு, கெட்டுப் போகாது, நான்கு மணி வரைக்கும் பசி தாங்கும். பத்து மணிக்கு உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டு பால் ஊற்றாத தேயிலைச் சாயத்தண்ணி குடிப்பாள். அந்தச் சீனிதான் அவளை மத்தியானம் வரை நிற்க வைத்தது, அதுதான் அவளை விழுத்தியது. இதில் யாரைக் குற்றம் சொல்வது? பேராசை பிடித்துத் தின்றவர்களா நாங்கள்? வயிறு நிறைய எது மலிவோ அதைத் தின்றோம். ஊருக்கெல்லாம் தம்புள்ளையில் இருந்து கரட்டும் போஞ்சியும் ஏற்றி இறக்குகிற நீயே கொத்து ரொட்டியும் இனிப்புக் கலர்த் தண்ணிப் போத்தலுமாகத்தானே கொழும்புக்கும் திரும்பியும் ஓடுகிறாய். நித்திரை வராமல் இருக்க அது வேண்டும் என்கிறாய். உன் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள்.

இப்போது நான் சொல்லப் போவதைப் பொறுமையாக வாசி. அவள் கொப்பி போட்டு ஒரு வருடம் போயிருக்கும். நான் அப்போது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. எனக்கும் தாகம், எனக்கும் கால் எரிச்சல். ஒரு காலையில் கக்கூசுக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற கானோரம் நான் ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு சாரை சாரையாக நின்றது. அடுத்த நாளும் நின்றது. அம்மாவிடம் சொன்னேன். "நீங்களும் வந்து கொப்பி போடுங்க" என்றாள். நான் மாட்டேன் என்றேன். தொழிற்சாலையில் தெரிந்தால் வேலையை மாற்றுவார்கள், உனக்குப் பெண் தர யோசிப்பார்கள், ஒரே வீட்டில் இரண்டு சீனிக்காரர் என்று லயத்து வரிசை வீடெல்லாம் பேசும், இப்படி ஆயிரம் காரணம் சொன்னேன். எல்லாம் பொய். பயம் மகன், வேறு ஒன்றும் இல்லை. மலைப் பாம்பை மண்வெட்டியால் அடித்துக் கொன்ற உன் அப்பனுக்கு ஒரு சின்ன ஊசிக்குப் பயம். வீட்டில் மூன்று வேளையும் குரல் உயர்த்திப் பேசுகிறவன் கிளினிக் வாசலில் போய் நிற்கப் பயந்தான்.

அதற்கு அவள் ஒரு வழி சொன்னாள். "ரெண்டு பேருக்கும் ஒரே சீனி வருத்தந்தானேங்க, குளிசையும் ஒண்ணுதானே. எனக்கு குடுக்கிறதுல பாதிய நீங்க குடிங்க" என்றாள். பாக்கு வெட்டியை எடுத்து, குளிசையை அதன் வாயில் வைத்து நறுக்கினாள். ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி அவளுக்கு. நல்ல புருஷனாக இருந்தால் பாக்கு வெட்டியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். நான் கையை நீட்டினேன். மூன்று வருடம் மகன், மூன்று வருடம் தினமும் கையை நீட்டினேன். கிளினிக் நெருங்கினால் மட்டும் நான் தொட மாட்டேன். முந்தின இரண்டு நாள் அவள் முழுக் குளிசை குடிப்பாள், முந்தின நாள் ரொட்டி, சோறு, சீனி எதையும் தொடாமல் கருவேப்பிலைத் தண்ணியோடு கிடப்பாள். டாக்டர் ஏசக் கூடாது, குளிசையை மாற்றக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. டாக்டரும் கொப்பியைப் பார்த்து, "நல்லம், அதே குளிசைய குடிங்க" என்று எழுதிக் கொடுப்பார். பாஸாகிவிட்டேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வருவாள். பஸ் இறங்கின கையோடு கடையில் இரண்டு இனிப்புப் பணிஸ் வாங்கி வருவாள், எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. நாங்கள் டாக்டரை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அட்டையும் இல்லை விஷமும் இல்லை. கவ்வாத்து வெட்டின மலையில் ஒரு தேயிலைக் குச்சி செருப்பைத் துளைத்து அவள் பாதத்தில் ஏறியது. ஏறினதே அவளுக்குத் தெரியாது, கால் அப்போதே மரத்துப் போயிருந்தது. வீட்டுக்கு வந்து சிமெந்துத் தரையில் நடந்த பிறகு, "யாருக்குடி ரத்தம் வருது?" என்று நான்தான் கேட்டேன். அவளும் குனிந்து என் காலைத்தான் பார்த்தாள். கோப்பித் தூளை அப்பிக் கட்டி மறுநாளும் மலைக்குப் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். பாதம் வீங்கி மணம் வரத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலில் விரல்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே. கால் எடுத்த அன்று டாக்டர் என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, கொப்பியில் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, இது எப்படி வந்தது, குளிசையை ஒழுங்காகக் குடித்தாரா என்று சிங்களத்தில் கேட்டார். ஒழுங்காகக் குடித்தாள் என்றேன். அவளுக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும். கண்ணை மூடிப் படுத்திருந்தவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். டாக்டர் போன பிறகு நான் அழுதேன். "விடுங்க, அழாதீங்க. ரெண்டு பேரும் விழுந்திருந்தா நம்ம மகன யாரு பாக்கிறது?" என்றாள். பாவி, அந்த நேரத்திலும் எனக்குத்தான் சமாதானம் சொன்னாள். எட்டு மாதத்தில் சிறுநீரகமும் போய், அவளும் போய்விட்டாள்.

அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள் நீ வார்டுக்கு வந்து அவளை ஏசினாய். "நான் எத்தன தடவ சொன்னேன், சீனிய நக்காதீங்கன்னு. வாயக் கட்டத் தெரியாம இப்ப காலக் குடுத்துட்டு கெடக்கிறீங்க" என்றாய். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி உன்னை ஓ.எல். பரீட்சை வரைக்கும் படிக்க வைத்தவள் அதைக் கேட்டுச் சும்மா இருந்தாள். நானும் சும்மா இருந்தேன். செத்த வீட்டில் நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள், சீனி தின்று செத்தாள் என்று. நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அவள் சீனியைத் தின்றாள், உண்மைதான். அவளுடைய மருந்தைத் தின்றது நான். உன் அம்மா மேல் உனக்கு இருக்கிற கோபத்தை இன்றோடு இறக்கி வை. இறக்கி என் மேல் வை. அது இவ்வளவு நாளும் வர வேண்டிய இடம் இதுதான்.

அவள் போய் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை நான் போய் என் பெயரில் கொப்பி போட்டேன். அதன் பிறகு மாதா மாதம் அந்தக் கிளினிக்கில் மர வாங்கில் உட்கார்ந்து பார்க்கிறேன். நம் ஆள், சிங்கள ஆள், முஸ்லிம் ஆள் என்று ஒரு வித்தியாசமும் இல்லை, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிக் கூட்டம். முன்பெல்லாம் நரைத்த தலைகள்தான் இருக்கும். இப்போது உன் வயதுப் பையன்கள் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறார்கள். மடியில் பிள்ளையோடு பொம்பளைகள் வருகிறார்கள். நம் லயத்தில் பத்துக் காம்பரா, பத்துக் குடும்பம், குளிசை இல்லாத காம்பரா எது என்று வந்து நீயே எண்ணிப் பார். மூன்றாம் காம்பராக்காரருக்குக் கண் போய்விட்டது, அவர் பெண்சாதி கையைப் பிடித்துக் கக்கூசுக்குக் கூட்டிப் போகிறாள். கொள்ளை நோய் வந்தால் ஊர் அலறும். இது சத்தமில்லாமல் ஒரு விரல், ஒரு கண், ஒரு கால் என்று கொண்டு போகிறது, நாம் அட்டை கடித்தது என்று கதை விடுகிறோம். அங்கே ஒருவர் குளிசையை ஒருவர் மாற்றிக் கொடுப்பதையும் கண்ணால் பார்க்கிறேன். "எனக்கு மிச்சம் இருக்கு, இந்தா நீ வச்சிக்க" என்கிறார்கள், வெற்றிலை மாற்றிக்கொள்வது போல. நான் போய்ச் சண்டை பிடிக்கிறேன். பைத்தியக்காரக் கிழவன் என்று பெயர் எடுத்துவிட்டேன்.

ஆகவே உனக்குக் குளிசை இல்லை. என் பங்கில் இருந்து ஒரு துண்டுகூட இல்லை. எனக்கு உன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. உனக்கு எது எவ்வளவு தேவை என்று உன் இரத்தம்தான் சொல்ல வேண்டும். நானோ நீயோ சொல்ல முடியாது. கலர்த் தண்ணியை விடு, ரொட்டியைக் குறை, லொறியில் மரக்கறியாவது அவித்து எடுத்துப் போ என்று நான் நூறு புத்தி சொல்லலாம். சோதிக்காதவனுக்குச் சொல்கிற புத்தி செவிடன் காதில் ஊதின சங்குதான். முதலில் சோதி. மற்றதெல்லாம் பிறகு.

இன்னும் ஒரு காரியம் செய்துவிட்டேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். நேற்று காலையில் உக்குவளைக்குப் போனேன். தையல் கடையில் சம்பந்தி உன் சட்டைக்குத்தான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பாக்கு வெட்டி வரைக்கும். அவர் கத்தவில்லை. சட்டையை மடித்து மேசையில் வைத்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேனா இல்லையான்னு எனக்கே தெரியலைங்க. ஆனா என் பிள்ளைக்குத் தெரியணுமா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் இருந்து தர்ஷினியைக் கூப்பிட்டார். அவளிடம் மறுபடி சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "அவரு சோதிச்சாரா மாமா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை, கல்யாணம் முடியட்டும் என்கிறான் என்றேன். அவள் கண் என் காலில் இருந்தது. "நீங்க ஏன் ஒரு கால்ல மட்டும் மேஸ் போட்டிருக்கீங்க?"

குளிருது என்றேன். "ஒரு காலுக்கு மட்டும் குளிருதா?" என்றாள். முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள் அல்லவா, பொய்யைச் சட்டென்று பிடித்துவிட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, குனிந்து, கணுக்கால் வரை இழுத்திருந்த மேஸைக் கழற்றினாள். வலது காலில் இரண்டாவது விரல், நகத்தில் இருந்து அடி வரை கறுத்திருந்தது. மூன்று கிழமையாக அப்படித்தான். உன்னிடமும் சொல்லவில்லை, போன கிளினிக்கிலும் காட்டவில்லை. "எப்ப காட்டலாம்னு இருக்கீங்க?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். "கல்யாணம் முடியட்டும்னுதாம்மா..." என்று வந்தது. சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் மேஸைத் திரும்பப் போட்டுவிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அப்பாவும் மகனும் ஒரே பாட்டுத்தான்" என்றாள். அவளுடைய அப்பா கடையை இழுத்து மூடினார். மூவரும் த்ரீவீலில் மாத்தளைக்குப் போனோம்.

இதை வார்டில் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். திங்கட்கிழமை விரலை எடுக்கிறார்கள். விரலோடு நிற்குமா, மேலேயும் போகுமா என்று வெட்டிப் பார்த்துத்தான் சொல்வார்களாம். இந்த முறை டாக்டர் குளிசையைப் பற்றிக் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன், உன் அம்மாவின் பெயரைச் சொல்லிச் சொன்னேன். கல்யாணம் நடக்குமா நிற்குமா என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் முகம் இல்லை. "அவரு வந்து ரத்தம் குடுக்கட்டும் மாமா, மிச்சத்த நானும் அவரும் பேசிக்கிறோம்" என்றாள் தர்ஷினி. நாளைக்கு அவள்தான் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், அனுப்புமுன் வாசிப்பாள். வாசிக்கட்டும். நீயும் உன் லொறிக் கூட்டாளிகளுக்கு வாசித்துக் காட்டு.

திங்கட்கிழமை எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும், லீவு எடுத்துக்கொண்டு வா. ஏசுவதென்றால் ஏசு, கட்டிலை விட்டு எங்கே ஓடப் போகிறேன். ஆனால் மேலே வார்டுக்கு வருமுன் கீழே இரத்தம் எடுக்கிற இடத்துக்குப் போ, ஆறு மணிக்கே வந்து உனக்கு வரிசையில் இடம் பிடித்து வைப்பதாகத் தர்ஷினி சொல்லியிருக்கிறாள். ஞாயிறு இரவு எப்போதும் போல அளவாகச் சாப்பிடு, பட்டினி கிடந்து நல்ல பிள்ளை வேஷம் போடாதே. விடிந்த பிறகு பச்சைத் தண்ணீர் மட்டும் குடி. வழியில் எந்தக் கடையிலும் லொறியை நிறுத்தாதே மகன், வெறும் வயிற்றோடு வா.

அப்பா